பந்தாட்டம் பயிற்றிய ஆசான்: ஸையத் அப்துல் ரஹீம்

ஒரு தேசம் தன் வெற்றிகளை எவ்வாறு கொண்டாடுகிறது என்பதைக் கொண்டு அதன் பக்குவத்தை ஒருவாறு அளந்துவிடலாம். கோலைப் போட்ட வாலிபனைத் தோளில் தூக்கி ஆடுவது எல்லா ஜனங்களுக்கும் இயல்பு. அவனுக்கு இடக்காலாலும் பந்தை உதைக்கக் கற்றுக் கொடுத்த உபாத்தியாயரை நினைப்பவர் சிலரே. நம் பாரத தேசம் கால்பந்தாட்டத்தில் ஆசியாக் கண்டத்துக்கே தலைமை வகித்த காலம் ஒன்று இருந்தது. 1951-ஆம் ஆண்டிலும் 1962-ஆம் ஆண்டிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் நம்முடையதாயிற்று. அவ்விரண்டு வெற்றிகளுக்கும் பின்னால் நின்றவர் ஒருவரே. அவர் ஹைதராபாத் நகரத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஸையத் அப்துல் ரஹீம். ரஹீம் சாகிப் என்று அந்நாளைய ஆட்டக்காரர்கள் அன்போடும் சற்றுப் பயத்தோடும் அழைத்த அப்பெரியாரின் சரித்திரத்தை இன்று நம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இப்பொழுது இதனைச் சொல்ல வேண்டிய காரணமும் உண்டு. 2027-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்குரிய தகுதிப் போட்டிகளில் நம் தேசிய அணி அடைந்த கதியை நேயர்கள் அறிவார்கள். 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஹாங்காங்கிடம் தோல்வி; அக்டோபர் 14-ஆம் தேதி கோவாவிலே, நம் சொந்த மைதானத்திலே, சிங்கப்பூரிடம் 1-2 என்று தோல்வி. அதனோடு தகுதி பெறும் நம்பிக்கையும் அறுந்தது. நவம்பரில் டாக்கா நகரில் வங்காளதேசத்திடமும் ஒரு கோலில் தோற்றோம். சென்னைப் பெருநகரின் ஜனத்தொகைக்கும் குறைந்த ஜனத்தொகையுடைய சிங்கப்பூரும் ஹாங்காங்கும் நம்மைக் கீழே தள்ளி மேலேறிவிட்டன. உண்மையான அபிமானிகளுக்கு இது மனத்தில் தைத்த முள்ளாகவே இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில் சேலையூரைக் கடந்தால் வருவது இராஜகீழ்ப்பாக்கம். ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராயிருந்து, வீட்டு மனைகள் பெருகி, 2021-இல் தோன்றிய தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஊர் இது. இங்கே மாலை வேளையில் தேநீர்க் கடையருகே கூடும் வாலிபர்களிடம் கால்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் பெயர்கள் மடமடவென்று வரும். அர்ஜென்டினாவின் நீல வரிச் சட்டையும் போர்ச்சுகலின் சிவப்புச் சட்டையும் அணிந்த பிள்ளைகளைத் தெருவுக்குத் தெரு காணலாம். நம் தேச அணியின் நீலச் சட்டையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் தேசிய அணியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் இல்லை.

அவ்வபிப்பிராயங்களைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று பிரிவாக அடங்கும். நம்மவர்களுக்குத் தேகபலமும் உயரமும் போதா. ஆகவே ஐரோப்பியரோடும் கொரியரோடும் ஜப்பானியரோடும் ஈடுகொடுக்க முடியாது என்பது முதற்கட்சி. அயல்நாடுகளில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சத்தினரை அழைத்து வந்து ஆடவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இரண்டாம் கட்சி. கிரிக்கெட்டுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு இங்கே கொட்டினால் போதும் என்பது மூன்றாம் கட்சி. இம்மூன்று கட்சியாருக்கும் நாம் சொல்லக்கூடிய மறுமொழி ரஹீம் சாகிபின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹைதராபாத்தில் பிறந்தார். நிஜாம் ஆட்சி நடந்த காலம் அது. அந்நகரில் உஸ்மானியா சர்வகலாசாலையில் கல்வி பயின்றார். கலாசாலை அணியிலும் ஆடினார். பிறகு உள்ளூர்ச் சங்கமொன்றிலும் ஆடி நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றார். ஆயினும் அவருடைய ஜீவனோபாயம் ஆட்டமன்று. பாடம் சொல்லிக் கொடுப்பதே. நகரத்துப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் உபாத்தியாயராக அமர்ந்தார். பின்னர் தேகப்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வகுப்பில் மந்தமான மாணாக்கனையும் கைவிடாமல் கணக்குச் சொல்லித் தரும் உபாத்தியாயரின் பொறுமையையும், தவறு செய்தவனைப் பார்வையாலேயே திருத்தும் கண்டிப்பையும் அவர் மைதானத்துக்கும் கொண்டுவந்தார். பிற்காலத்தில் தேசிய அணியின் பயிற்சியாளராக உலகெங்கும் சென்றபோதும் அவர் உள்ளத்தில் உபாத்தியாயராகவே இருந்தார் என்பது நம் கருத்து.

1943-ஆம் ஆண்டளவில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசிப் பதவி அவரைத் தேடி வந்தது. பதவி கிடைத்தவுடன் அறிக்கை விடுவதும் விருந்து வைப்பதும் நாம் நாள்தோறும் காணும் காட்சி. ரஹீம் செய்த காரியம் வேறு. அவர் சின்னஞ்சிறு போட்டிகளை ஏற்படுத்தினார். அவற்றின் விதிகள் கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு போட்டியில் ஒவ்வொருவனும் தனக்குப் பழக்கமில்லாத காலாலேயே ஆட வேண்டும். வலக்கால் வல்லவன் இடக்காலை நம்பியே தீர வேண்டும். மற்றொரு போட்டியில் பந்தைக் காலோடு ஒட்டி இழுத்துக்கொண்டு ஓடுவது கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் குறித்த உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இடமே இல்லை. சிறுவர்கள் பெரியவர்களின் முழங்கைக்கு அஞ்சாமல் ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்க வேண்டும் என்பது நோக்கம். இதற்கெல்லாம் ஆன செலவு சொற்பம். வேண்டியிருந்தவை ஒரு பந்தும், ஒரு வெற்றிடமும், சிந்திக்கும் ஒரு மனிதருமே.

இப்போட்டிகளின் பயன் சில வருஷங்களில் தெரிந்தது. ஹைதராபாத்துப் பையன்கள் இரண்டு காலாலும் ஆடினார்கள். பந்தை நிறுத்திவைத்து அழகு பார்க்காமல் விரைந்து பரிமாறினார்கள். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியும் ரஹீம் கைக்கு வந்தது. அவ்வணி பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ச்சியாக வென்றது. அதுகாறும் கால்பந்தென்றால் கல்கத்தா என்றிருந்த நம் தேசத்தில், தக்காணத்துப் போலீஸ்காரர்கள் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் முதலிய பெரிய சங்கங்களை எதிர்த்து நின்று ஜயித்ததைக் கண்டு ஜனங்கள் பிரமித்தார்கள். கல்கத்தாச் சங்கங்களோ வெகு விரைவில் ஹைதராபாத்துக்கே ஆளனுப்பி, ரஹீம் தயார் செய்த ஆட்டக்காரர்களை வருந்தி அழைத்துக்கொண்டன. ஒலிம்பிக் அணிகளில் ஹைதராபாத்தார் பலர் இடம் பெற்றார்கள் என்றால் அதற்கு மூலகாரணம் அந்தச் சிறு போட்டிகளே.

துளசிதாஸ் பலராமின் வரலாறு இதற்கு ஓர் உதாரணம். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பையன் அவர். உள்ளூர் ஆட்டமொன்றில் அவரைக் கண்ட ரஹீம், பயிற்சிக்கு வரும்படி பணித்தார். ஊரோ தொலைவு, கையிலோ காசில்லை. வாடகைச் சைக்கிளுக்கு வேண்டிய பணத்தை ரஹீமே கொடுத்தார். அந்தச் சைக்கிளில் வந்து போன பையன் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கும், 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கிற்கும் சென்று, தேசம் கண்ட தலைசிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களுள் ஒருவராக விளங்கி, 2023-ஆம் ஆண்டில் காலமானார். ஒரு சைக்கிள் வாடகை தேசத்துக்கு ஈட்டித் தந்த லாபத்தை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தேசிய அணியின் பயிற்சி 1950-இல் ரஹீமிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுவருஷம் மார்ச்சு மாதத்தில் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. சைலேன் மன்னா தலைமையில் ஆடிய நம் அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒரு கோலில் ஜயித்தது. அக்கோலைப் போட்டவர் மேவாலால். சுதந்திரம் பெற்று நான்கு வருஷமும் நிறையாத தேசத்துக்கு அது வெறும் பதக்கமாகத் தோன்றவில்லை. உலக சபையில் நமக்கும் ஓர் ஆசனம் உண்டு என்பதற்கு அத்தாட்சியாகவே தோன்றிற்று.

ஆனால் பெருமை தலைக்கேறுவதற்குள் ஒரு பேரிடி விழுந்தது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்ற கணக்கில் முறியடித்தது. குளிரிலும் ஈரத்திலும் நம்மவர் பலர் பூட்ஸ் அணியாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். 1948-இல் லண்டனில் பிரான்ஸை எதிர்த்து வெறுங்காலோடு ஆடி, 1-2 என்று கௌரவமாகத் தோற்றதை உலகம் வியந்து பாராட்டியது. அப்பாராட்டே நமக்கு விஷமாயிற்றோ என்று எண்ண வேண்டியிருக்கிறது. ஹெல்சிங்கிக்குப் பிறகு பூட்ஸ் அணிவது கட்டாயமாக்கப்பட்டது.

இத்தகைய தோல்விக்குப் பின் சாதாரண மனிதர்கள் செய்வது இரண்டு: ஆட்டக்காரர்களைத் தூற்றுவது, அல்லது பருவநிலையைப் பழிப்பது. ரஹீம் அவ்விரண்டையும் விட்டுக் கற்றுக்கொள்ள முற்பட்டார். அதே ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற ஹங்கேரியரின் ஆட்டமுறையை நுணுகி ஆராய்ந்தார். பின்னணியில் இருவர், நடுவில் மூவர், முன்னணியில் ஐவர் என்று ஆங்கிலேயர் விட்டுச் சென்ற பழைய வரிசையையே நாம் வேதமாகப் பற்றிக்கொண்டிருந்தோம். முன்னணியின் நடுநாயகன் எதிரியின் கோலருகே காத்து நில்லாமல் பின்வாங்கி வந்து பந்தை வாங்கினால், அவனைக் காவல் புரியும் எதிரி தடுமாறுவான். அவன் விட்ட வெளியில் நம் ஆள் நுழையலாம். இந்தச் சூட்சுமத்தை ரஹீம் நம்மவர்க்குக் கற்பித்தார். உயரமும் பருமனும் இல்லாதவனுக்கு வேகமும் யுக்தியுமே ஆயுதங்கள் என்பது அவர் கண்ட சித்தாந்தம்.

1956-இல் மெல்போர்னில் அது பலித்தது. முதல் சுற்றில் நம்மோடு மோத வேண்டிய ஹங்கேரி விலகிக்கொள்ள, கால் இறுதியில் நம் அணி ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று ஜயித்தது. நெவில் டிசோஸா மூன்று கோல்களைப் போட்டார். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் கிருஷ்ணசாமி என்னும் கிட்டுவினுடையது. அரை இறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. நான்கு வருஷங்களுக்கு முன் பத்துக் கோல் போட்டவர்களை எதிர்த்து முதல் கோலைப் போட்டது நம் அணிதான். முடிவில் 4-1 என்று தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்றோம். எனினும் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்பது அதற்கு முன்னும் பின்னும் இந்தியக் கால்பந்துக்கு வாய்க்காத பேறு.

ரோமாபுரியில் 1960-இல் நம் அணிக்கு நேர்ந்த பிரிவு மிகக் கடினமானது. ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றோம். பி. கே. பானர்ஜி தலைமையில் பிரான்ஸை எதிர்த்து ஆடி, அவரே போட்ட கோலினால் முன்னணியில் நின்று, ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் 1-1 என்று சமனானோம். பெரு தேசத்திடம் 1-3 என்று இழந்தோம். அதன்பின் இன்றுவரை நம் அணி ஒலிம்பிக் கால்பந்தில் கால் வைத்ததில்லை என்பதை நினைக்கும்போது, அன்றைக்குத் தோல்வியென்று வருந்தியது இன்றைக்குக் கனவாகிவிட்டதைக் காண்கிறோம்.

ரஹீமின் அணிகளில் தமிழர்க்கு இருந்த இடத்தை இங்கே நினைவூட்டுவது நம் கடமை. கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் நெடிய தோற்றமுடையவர். வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு நிலையத்தில் சேர்ந்து ஆடியவர். அந்நிலையத்தின் அணி 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்றது. முதலில் முன்னணியில் ஆடிக்கொண்டிருந்த அவர் கோல் காவலராக மாறி, ஆசியாவிலேயே சிறந்த காவலர் எனப் புகழ் பெற்றார். 1967-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். ரோமாபுரி ஒலிம்பிக்கில் சைமன் சுந்தர்ராஜ் ஆடினார். ஜகார்த்தா அணியில் அருமைநாயகம், எதிராஜ் ஆகியோர் இருந்தார்கள். வங்காளி, பஞ்சாபி, தமிழர், தெலுங்கர், மலையாளி, ஹைதராபாத்து முஸ்லிம், கோவாக் கிறிஸ்தவர் என்று பல பாஷையும் பல மதமும் கலந்த வாலிபர்களை ஒரே கட்டுக்குள் கொண்டுவந்தவர் ரஹீம். ஆட்டக்காரனின் மாகாணத்தையோ ஜாதியையோ அவர் கேட்டதில்லை, காலைத்தான் பார்த்தார்.

இனி 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா. அவருடைய வாழ்க்கையின் சிகரம் அதுவே. அப்போது சுவாசப்பையில் புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா நம்மை இரண்டு கோலில் தோற்கடித்தது. பிறகு தாய்லாந்தை 4-1 என்றும் ஜப்பானை 2-0 என்றும் ஜயித்து அரை இறுதிக்குச் சென்றோம். ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் பின்னணித் தூணான ஜர்னையில் சிங்குக்குத் தலையில் பலத்த காயம். தையல் போட வேண்டியதாயிற்று. கோல் காவலர் தங்கராஜோ ஜுரத்தில் படுத்துவிட்டார்.

மைதானத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசமாயிற்று. இஸ்ரவேலையும் தைவானையும் இந்தோனேஷிய சர்க்கார் போட்டிகளுக்கு அனுமதிக்கவில்லை. ஆசியப் போட்டிகளின் ஸ்தாபகர்களுள் ஒருவரான நம் நாட்டு ஜி. டி. சோந்தி அதனை ஆட்சேபித்தார். அதன் பயனாக ஜகார்த்தா ஜனங்களின் கோபம் முழுவதும் இந்தியர்மேல் திரும்பிற்று. நம் தூதராலயம் தாக்கப்பட்டது. மைதானத்தில் நம் தேசிய கீதம் ஒலித்தபோதும் கூச்சலிட்டார்கள். பழக்கமற்ற வாலிபர்கள் இச்சூழ்நிலையில் மனமுடைந்து போயிருந்தால் அதில் வியப்பொன்றும் இராது.

அப்போது ரஹீம் செய்த முடிவுகள் அவருடைய புத்திக்கும் துணிவுக்கும் சான்று. தலையில் கட்டோடு நின்ற ஜர்னையிலை அவர் ஓய்ந்திருக்க விடவில்லை. பின்னணியில் மறுபடியும் நிறுத்தவுமில்லை. இளமையில் அவர் முன்னணியில் ஆடியவர் என்பதை நினைவில் வைத்து, முன்னணியின் நடுநாயகனாக்கினார். அரை இறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று ஜயித்தபோது ஜர்னையில் ஒரு கோலும், அணித் தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோலும் போட்டார்கள். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென்கொரியா. ஜுரம் தணிந்த தங்கராஜை, உயரப் பந்துகளைத் தடுக்க வல்லவர் என்று கருதி, ரஹீம் மீண்டும் கோலருகே நிறுத்தினார். செப்டம்பர் 4-ஆம் தேதி, லட்சம் பேர் கூச்சலுக்கு நடுவே, முதல் இருபது நிமிஷத்திற்குள் பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னையில் ஒரு கோலும் போட்டனர். கொரியர் கடைசி நிமிஷங்களில் ஒன்றைத் திருப்பினர். 2-1 என்று தங்கம் நமதாயிற்று. அந்தப் பெருங்கூட்டத்தில் நமக்காகக் கைதட்டி உத்ஸாகமூட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்பதை நாம் மறக்கலாகாது. விளையாட்டு மைதானத்தில் ஒரு கணம் தோன்றிய சகோதர பாவம் அது.

அந்தத் தங்கத்தோடு திரும்பிய ஆசான் நெடுநாள் வாழவில்லை. நோய் முற்றிப் படுக்கையில் வீழ்ந்து, 1963-ஆம் வருஷம் ஜூன் மாதம் 11-ஆம் தேதி, தமது 53-ஆம் வயதில், உயிர் நீத்தார். பயிற்சியாளர்களைக் கௌரவிக்கும் துரோணாசாரியர் விருதைச் சர்க்கார் ஏற்படுத்தியது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1985-இல். அவருடைய குமாரர் ஹக்கீம் ரோமாபுரி அணியில் இடம் பெற்றவர். கால்பந்துக்கே உழைத்து 2021-இல் காலமானார். 2024-இல் ஹிந்தியில் வந்த மைதான் என்ற படத்தின் மூலமே பாமர ஜனங்களிற் பலர் ரஹீமின் பெயரை முதன்முதல் கேள்வியுற்றார்கள். அறுபது வருஷ மறதியைக் கலைக்க ஒரு சினிமா வேண்டியதாயிற்று.

ரஹீம் மறைந்த பின்பு அவர் மூட்டிய தீ சில காலம் கனன்றது. 1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1970-இல் ஆசியப் போட்டியில் வெண்கலம். அதன்பின் தேய்பிறைதான். உலகமெல்லாம் 90 நிமிஷம் ஆட, நம் நாட்டுப் போட்டிகள் நெடுங்காலம் 70 நிமிஷங்களாகவே நடந்தன. ஆகவே கடைசி இருபது நிமிஷங்களில் மூச்சிரைப்பது நம் வழக்கமாயிற்று. ரஹீமின் இடத்தில் வேறொரு ரஹீமை உண்டாக்க யாரும் முயலவில்லை. ஜப்பானும் கொரியாவும் பள்ளிக்கூடம் தொடங்கிச் சங்கம் வரையில் ஏணி கட்டிக்கொண்டன. நாமோ பழைய பதக்கங்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தோம்.

இப்பொழுது நம் அபிமானிகளின் மூன்று கட்சிகளையும் திரும்ப நோக்குவோம். தேகபலம் போதாது என்கிறார்கள். மெல்போர்னில் ஆஸ்திரேலியரை ஜயித்தவர்களும் ஜகார்த்தாவில் கொரியரை ஜயித்தவர்களும் ராட்சதர்கள் அல்லர். சாதாரண உணவுண்டு, போலீஸிலும் ரயில்வேயிலும் உத்தியோகம் பார்த்த நம் சகோதரர்கள். ஹைதராபாத்தில் உயரங்குறைந்தோர்க்கென்று தனிப் போட்டி வைத்த மனிதரே ஆசியத் தங்கத்தையும் கொண்டுவந்தார் என்பதை இக்கட்சியார் கவனிக்க வேண்டுகிறோம்.

அயல்நாட்டில் பிறந்தோரை அழைக்கலாம் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் 2025-இல் அந்நாட்டுப் பிரஜா உரிமையைத் துறந்து நம் பிரஜையானார். அத்தகைய அன்பை நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம். வேறு பல தேசங்களும் இம்முறையைக் கையாளுகின்றன. ஆயினும் இரவல் வாங்கிய நெய்யினால் ஒரு நாள் விளக்கெரியும். நாள்தோறும் எரிய வேண்டுமானால் வீட்டில் பசு வேண்டும்.

பணம் வேண்டும் என்கிறார்கள். 2014 முதல் இந்தியன் சூப்பர் லீக் வாயிலாகப் பெரும்பணம் இந்த ஆட்டத்துக்குள் வந்தது. அதனால் நல்ல மைதானங்களும், ஆட்டக்காரர்களுக்குக் கௌரவமான ஊதியமும் கிட்டின என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் கோல் போடும் இடத்தில் பெரும்பாலும் அயல்நாட்டாரையே சங்கங்கள் நிறுத்தின. விளைவு யாது? தேசிய அணிக்கு 94 கோல்களை ஈட்டிய சுனில் சேத்ரி 2024 ஜூனில் விடைபெற்றார். அவரிடத்தை நிரப்ப ஆளின்றி மறுவருஷமே அவரைத் திரும்ப அழைத்தார்கள். சிங்கப்பூரிடம் தோற்ற அணியிலும் 41 வயதான அவரே நம்பிக்கையாக இருந்தார். அம்மகத்தான ஆட்டக்காரரின் உழைப்புக்குத் தலைவணங்குகிறோம். அவரை ஓய விடாத ஏற்பாட்டுக்கு வெட்கப்படுகிறோம். 2025-இல் ஒப்பந்தத் தகராறினால் லீக் போட்டியே குறித்த காலத்தில் தொடங்காமற் போனது, பணத்தை மட்டும் நம்பிக் கட்டிய மாளிகையின் அஸ்திவாரத்தைக் காட்டிவிட்டது.

அப்படியானால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு என்பதே நம் அபிப்பிராயம். 2025 ஆகஸ்டில் தேசிய அணியின் பயிற்சிப் பொறுப்பு, அயல்நாட்டார் பலர் வகித்த பின், காலித் ஜமீல் என்னும் இந்தியரிடம் வந்தது. விரைவிலேயே மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே ஜயித்து, ஓமானைப் பெனால்டி முறையில் வென்று, மூன்றாம் இடம் பெற்றோம். பிறகு வந்த தோல்விகளை வைத்து அவரைத் தூற்றுவோர், ஹெல்சிங்கியில் பத்துக் கோல் வாங்கிய பயிற்சியாளரை அன்றே துரத்தியிருந்தால் மெல்போர்னும் ஜகார்த்தாவும் நமக்குக் கிட்டியிருக்குமா என்று சிந்திக்கட்டும். 2025 ஜூலையில் நம் மகளிர் அணி தாய்லாந்தை அவர்கள் நாட்டிலேயே 2-1 என்று ஜயித்து, ஆடவர் தவறவிட்ட ஆசியக் கோப்பைத் தகுதியைத் தங்கள் பிரிவில் ஈட்டியது. அந்தப் பெண்களின் ஆட்டத்தைக் காண நம் தேநீர்க் கடை நண்பர்கள் எத்தனை பேர் விழித்திருந்தார்கள்?

தமிழ்நாட்டின் மண்ணும் வறண்டுவிடவில்லை. சென்னை சிட்டி அணி 2018-19-இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகரும், குமரிக் கடற்கரையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜும் தேசிய அணியில் ஆடியவர்கள். நம் மாகாண மகளிர் 2017-18-இலும் 2022-23-இலும் தேசிய சாம்பியன் பட்டம் பெற்றார்கள். வியாசர்பாடிச் சந்துகளிலும் மீனவர் குப்பங்களின் மணலிலும் பந்து உருண்டுகொண்டேதான் இருக்கிறது. உருளும் பந்தைக் கவனிக்கும் கண்தான் குறைவு.

இராஜகீழ்ப்பாக்கம் போன்ற ஊர்களில் நிலைமை யாது? காலி மனையொன்று அகப்பட்டால் பையன்கள் இரண்டு செருப்பைக் கோல் கம்பமாக வைத்து ஆடுகிறார்கள். மறு வருஷம் அம்மனையில் அடுக்குமாடி எழும்புகிறது; பந்து தெருவுக்கு வருகிறது; தெருவில் வாகனங்கள் துரத்துகின்றன; பையன் கைத் தொலைபேசியோடு வீட்டுக்குள் அடங்கிவிடுகிறான். பள்ளிக்கூடங்களிலோ விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்கிவிடுகிறது. ரஹீமின் கண்ணில் படத்தக்க பலராம் ஒருவன் இவ்வூரில் இருந்தாலும், அவனைக் காண வேண்டிய மைதானம் எங்கே? காண வேண்டிய உபாத்தியாயர் எங்கே?

ஆகவே நாம் வேண்டுவது பெரிய திட்டமொன்றும் அன்று. தாம்பரம் மாநகராட்சி, சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பகுதிகளில் எஞ்சியிருக்கும் பொது நிலங்களுள் சிலவற்றையேனும் கட்டடங்களுக்குக் கொடாமல் பிள்ளைகளின் ஆட்டத்துக்கென்று ஒதுக்கட்டும். பள்ளிக்கூடங்கள் தேகப்பயிற்சி உபாத்தியாயரைத் தேர்வுக் காவலுக்கும் விழா ஏற்பாட்டுக்கும் ஏவாமல் மைதானத்தில் நிற்க விடட்டும். அபிமானிகளாகிய நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பக்கத்துப் பள்ளிகளுக்குள் ஒரு சிறு போட்டி நடத்தட்டும். இடக்காலால் மட்டும் ஆடும் போட்டி ஒன்று நடத்த எத்தனை ரூபாய் ஆகும்? அயல்நாட்டு அணியின் சட்டையொன்று வாங்கும் பணத்தில் நாலைந்து பையன்களின் பஸ் கட்டணம் அடங்கிவிடும்.

தேசிய அணி தோற்றால் வருந்தும் உரிமை அபிமானிக்கு உண்டு. அபிப்பிராயம் சொல்லும் உரிமையும் உண்டு. அவ்வுரிமைக்குரிய கடமையை ரஹீம் சாகிப் தம் வாழ்நாளெல்லாம் செய்து காட்டினார். பெரிய பதவியும் பெருஞ்செல்வமும் இல்லாத ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர், தம்மூர்ப் பையன்களைக் கொண்டு ஓர் அணியும், அவ்வணியைக் கொண்டு ஒரு தேசத்தின் கீர்த்தியும் சமைத்தார். அவருக்கு நாம் எழுப்பக்கூடிய ஞாபகச் சின்னம் கல்லால் ஆனதன்று. ஊர்தோறும் ஒரு மைதானமும் அதில் மாலைதோறும் பொறுமையோடு நிற்கும் ஓர் உபாத்தியாயருமே அது. அந்நாள் வந்தால், இன்னொரு ஜகார்த்தாவும் வரும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ரஹீம் சாகிபின் நாமம் வாழ்க!